புரையும் சான்றும்

புரை என்பது தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று. மரத்தின் அகத்தே விழுந்த பொள்ளலும் புரை. மாந்தர் சொல்லின் அகத்தே பதுங்கிய குற்றமும் புரை. மேலே தோல் மூடி ஆறியதுபோற் காட்டி உள்ளே சீழ்கொண்ட புண்ணைப் புரையோடிவிட்டது என்று நம்மூர் முதியவர்கள் இன்றும் சொல்வர். பொருள் பலவாயினும் இவற்றுக்கெல்லாம் பொதுவாய் நிற்கும் இயல்பு ஒன்றே. புரை வெளியே தெரியாது. தெரிந்த குற்றத்தைத் திருத்திவிடலாம். தெரியாத குற்றத்தோடு வாழ நேர்வதே பேரிடர்.

இக்காலத்து உலோகத் தொழிலில் இப்பழஞ்சொல்லுக்குப் புதியதொரு வேலை வந்திருக்கிறது. லேசர் ஒளிக்கற்றையால் உலோகத் துகளை உருக்கி, படலத்தின்மேற் படலமாகப் பொருள்களை ஆக்கும் முறையையே யான் குறிப்பிடுகிறேன். செய்தித்தாள்கள் முப்பரிமாண அச்சு என்று எழுதுவதில் இதுவும் அடங்கும். இம்முறையில் உலோகம் உருகும் கணத்தையே கமராவினால் கண்காணிக்கும் கலை ஒன்று வளர்ந்து வருகின்றது. அக்கண்காணிப்பின் பதிவு, ஆக்கப்பட்ட பொருளைவிட்டுப் பிரிக்கலாகாத சான்று என்பது என் கருத்து. அச்சான்றைப் படித்துப் பொருள் கூற வல்லார் இல்லாதவிடத்து அது வெறும் படக்குவியலாகும் என்பதும் அதனோடு சேர்ந்த கருத்தே. இலக்கணம் கற்பிப்போனுக்கு உலோகத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பல்லிலும் இடுப்பெலும்பிலும் அவ்வுலோகத்தைத் தாங்கப்போகும் மக்கள் யாவரும் இதைப்பற்றிப் பேச உரிமையுடையவர் என்பதே என் விடை.

முதற்கண் தொழில் நடைபெறும் முறையைக் காண்போம். மாவைப் போன்ற நுண்ணிய உலோகத் துகள் ஒரு மேடைமீது மெல்லிய படலமாகப் பரப்பப்படும். அப்படலத்தின் தடிப்பு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் புகுந்து உலோகத்தைக் கெடுக்காவண்ணம் அறையினுள் ஆகன் போன்ற வாயுவை நிரப்புவர். கணினியில் வரைந்த வடிவத்தின் ஒரு குறுக்குவெட்டை லேசர் அப்படலத்தின்மீது எழுதும். எழுதிய இடம் உருகி இறுகும். எழுதாத இடம் துகளாகவே கிடக்கும். பின்னர் மேடை ஒரு படலத்தின் அளவு தாழும். மீண்டும் துகள் பரவும். மீண்டும் லேசர் எழுதும். பத்துச் சென்ரிமீற்றர் உயரமான பொருள் ஒன்று முற்றுப்பெற இவ்வாறு 2,500 படலங்கள் வேண்டும். ஜேர்மனியின் பிரௌன்கோபர் ஆய்வு நிறுவனத்தில் 1990களின் நடுப்பகுதியில் உருப்பெற்ற இம்முறை, இன்று பல்லுறை முதல் விமான உறுப்பு வரை பரவிவிட்டது.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இது வேரூன்றியிருக்கின்றது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் உள்ளது. அங்கே 2024ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் நான்காம் கட்டத்துக்குரிய இயந்திரம் ஒன்று, இப்புதிய முறையால் ஆக்கப்பட்டு, 665 செக்கன்கள் எரியவிட்டுச் சோதிக்கப்பட்டது. முன்னர் 14 உறுப்புகளாக இருந்தது ஒரே துண்டாயிற்று. 19 வெல்டிங் பொருத்துகள் இல்லாதொழிந்தன. முன்னர் ஓர் இயந்திரத்துக்கு 565 கிலோகிராம் மூலப்பொருள் வேண்டியிருந்தது, இப்பொழுது 13.7 கிலோகிராம் துகள் போதுமாயிற்று. ஆக்கும் காலமும் நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தது. அதே மே மாதம் 30ஆம் நாள், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார், ஒரே துண்டாக அச்சிட்ட இயந்திரம் பூட்டிய ரொக்கெட்டைச் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவினர்.

இவை மகிழ்தற்குரிய செய்திகள். ஆயினும் சிந்திக்கவேண்டிய ஒன்று இவற்றினுள் உண்டு. பொருத்து இல்லாதவிடத்துப் பொருத்துப் பிழையும் இல்லை என்பது மெய்யே. ஆனால் அந்தப் பத்தொன்பது பொருத்துகளும் எங்கே இருக்கின்றன என்பது சோதிப்போர்க்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று அவர்கள் பார்க்க இயன்றது. ஒரே துண்டாய்ப் பிறந்த பொருளிலோ, ஒவ்வொரு படலமும் தன் கீழ்ப்படலத்தோடு பற்றிக்கொள்ள வேண்டுமாதலின், எல்லா இடமும் பொருத்தாகிவிட்டது. பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று யார் அறிவார்?

மருதமுனைத் தறிகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் ஒன்று அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி, அறுந்ததை முடிச்சிட்டு, அதன் பின்னரே மேலே நெய்வார். அறுந்ததை அறியாது பத்து முழம் நெய்துவிட்டால் அவ்வளவு நீளத்துக்கும் துணியிற் கோடு விழும். துணியின் குற்றமாவது விரித்துப் பிடித்தாற் கண்ணுக்குத் தெரியும். உலோகப் படலத்தில் நேர்ந்த குற்றமோ, அடுத்த படலம் பரவியதும் அதன்கீழ் அடக்கமாகிவிடும். ஆகவே, முடிந்தபின் பார்ப்பதைவிட, நெசவாளரைப் போல நிகழும்போதே பார்ப்பதே முறை.

ஆனால் எதனைப் பார்ப்பது? லேசர் படும் இடத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அகலத்தில் உலோகம் உருகித் தேங்கும். ஆங்கில நூலார் இதற்கிட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உருகிய குளம் என்றாகும். குளம் என்றதும் நம் மாவட்டத்தார்க்கு வயலும் வாய்க்காலும் அன்றோ நினைவுக்கு வரும்! பாறையிடுக்கிற் சிறிதளவே நீர் தேங்கும் இடத்துக்குச் சுனை என்று பெயர். ஆதலின் யான் இதனை உருகுசுனை என்று வழங்குகின்றேன். இச்சுனை செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவான வேகத்தில் ஓடும். நம் கண் ஒரு காட்சியைப் பிரித்தறியச் செக்கனின் இருபதில் ஒரு பங்கு வேண்டுமெனக் கொண்டால், அதற்குள் சுனை ஐந்து சென்ரிமீற்றர் கடந்துவிடும். தன் அகலத்தைத் தான் கடக்க அதற்குச் செக்கனின் பதினாயிரத்தில் ஒரு பங்கு போதும். உருகிய உலோகம் குளிரும் விரைவோ செக்கனுக்கு இலட்சம் பாகை முதற் பத்து இலட்சம் பாகை வரை செல்லும். மனிதக் கண்ணுக்கு இங்கே வேலையில்லை என்பது தெளிவு.

இத்துணை விரைந்து ஓடுவதைப் பின்தொடர்தற்கு வழிகண்டவர்களுள் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குருத் அவர்களும் அவர்தம் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர். 2000களில் அவர்கள் அமைத்த முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. லேசரை அங்குமிங்கும் திருப்பும் ஆடிகளின் வழியாகவே கமராவும் பார்க்குமாறு செய்தனர். சுனையிலிருந்து எழும் ஒளி, லேசர் வந்த வழியே திரும்பி மேலேறும். லேசரின் அலைநீளத்தை ஒரு வழியிலும் ஏனைய ஒளியை வேறு வழியிலும் செலுத்தும் ஆடியொன்று இடையே நின்று, சுனையின் ஒளியைக் கமராவுக்கு அனுப்பும். சுனை எங்கே ஓடினாலும் படத்தின் நடுவிலேயே நிற்கும். அதன் அகலமும் நீளமும் படத்திற் புலப்படும். உடனிருக்கும் ஒளியுணரி மொத்த ஒளியின் ஏற்றத்தாழ்வைக் குறித்துவைக்கும்.

இவ்வாறு பார்ப்பதனாற் கிடைக்கும் பயன் யாது? வெப்பம் குறைந்தவிடத்துச் சுனை சுருங்கும். துகள் முற்ற உருகாது. படலங்களுக்கிடையே ஒழுங்கற்ற இடைவெளி தங்கும். வெப்பம் மிகுந்தவிடத்து உலோகம் கொதித்து ஆவியாகும். அவ்வாவியின் தாக்குதலாற் சுனையின் அடியில் ஆழ்ந்த குழியொன்று தோன்றும். குழியின் அடிப்புறம் மூடிக்கொள்ளும்போது வாயு குமிழாக உள்ளே அகப்படும். இரண்டும் புரையே. இன்னும் ஒன்று உண்டு. கீழே திண்ணிய உலோகம் இருப்பின் வெப்பம் விரைவாய்க் கீழிறங்கும். வளைவான பகுதிகளிற்போலக் கீழே தளர்ந்த துகள் மட்டும் இருப்பின், வெப்பம் இறங்க வழியின்றிச் சுனை வீங்கும். இவ்வீக்கத்தைக் கமரா அக்கணமே காணும். கண்டவுடன் லேசரின் வலுவைக் குறைத்துச் சுனையைப் பழைய அளவுக்குக் கொணர இயலும் என்பதையும் லூவன் குழுவினர் காட்டினர்.

இவ்வளவும் கேட்டபின், இனிக் கவலையில்லை, கமரா பார்த்துக்கொள்ளும் என்று அமைதியுறுவோர் பலர். அவர்களோடுதான் என் வழக்கு.

பொற்கொல்லர் மூசையிற் பொன்னையிட்டு, வெங்காரம் தூவி, ஊதி உருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய பொன்னின் மேன்முகம் தெளிந்து பளிச்சிடும் பதத்தைக் கண்டு அவர் வார்க்கிறார். அவர் கண்ணிற் படுவதும் ஒளியே. ஆயினும் அந்த ஒளி எதைக் குறிக்கின்றது என்பதை, நூறு முறை வார்த்து, நூறு முறை அடித்து, வெடித்ததையும் வெடிக்காததையும் கண்டு, அவர் கற்றிருக்கிறார். கமரா அவ்வாறு கற்றதன்று. அதன்மேற் படுவது ஒளி. அது குறிப்பது ஒளியின் அளவு. ஒரே வெப்பநிலையிலுள்ள இரு பரப்புகள் வெவ்வேறளவு ஒளியை வீசக்கூடும். சுனையின்மேல் எழும் ஆவியும் புகையும் ஒளியை மறைக்கும். ஆடியின்மீது தூசு படிந்தால், சுனை குளிர்ந்ததுபோலப் பதிவு பொய்சொல்லும். என்னிடம் தமிழ் பயின்று, இன்று சிங்கப்பூரில் இத்தகைய பட்டறை ஒன்றிற் பணிபுரியும் மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் தொழிலைப்பற்றி விளக்கினார். "கமரா எல்லாத்தையும் பாக்கும் சேர். ஆனா பாத்தது என்னண்டு அதுக்குத் தெரியா," என்று அவர் சொன்ன சொற்களை யான் மறக்கவில்லை.

மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சுனையின் அடி தெரியாது என்பதும் உண்மை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தாரும் வலிமிக்க எக்ஸ் கதிர்களைச் சுனையின் பக்கவாட்டிற் செலுத்தி, அக்குழி தோன்றுவதையும் ஆழ்வதையும் படம்பிடித்து 2019இல் வெளியிட்டனர். சிறிய ஆய்வுத்துண்டில் அவ்வாறு செய்யலாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் செய்தல் இயலாது. அன்றியும், லேசர் ஒரு படலத்தை உருக்கும்போது அதன் கீழுள்ள படலங்களும் ஓரளவு மீள உருகுகின்றன. அதனால் முன்பு விழுந்த புரை பின்பு தானே மூடிக்கொள்வதும் உண்டு. கமரா புரை என்று குறித்த இடத்திற் புரை இல்லாதிருக்கலாம். குறியாத இடத்தில் இருக்கவும் கூடும்.

அங்ஙனமாயின் கமராவால் பயனில்லையா? உண்டு, ஆனால் அதற்குக் கல்வி வேண்டும். ஆக்கிய துண்டை அறுத்து, மெருகிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து, புரை இருந்த ஒவ்வோரிடத்தையும் அவ்விடத்துக்குரிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு பன்முறை ஒப்பிட்ட பின்னரே, இன்ன வடிவமான சுனை இன்ன விளைவைத் தரும் என்று சொல்ல இயலும். பொற்கொல்லர் வார்த்தும் அடித்தும் பெற்ற அறிவு இங்கே வேறுவகையால் வருகின்றது, உழைப்பு ஒன்றே.

இனிப் பதிவின் அளவைக் கருதுவோம். பக்கத்துக்கு 128 புள்ளிகள் கொண்ட சிறுபடம் ஒன்றில் 16,384 புள்ளிகள் உள. புள்ளிக்கு ஒரு பைற் வைத்து, செக்கனுக்குப் பதினாயிரம் படம் எடுத்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 590 கிகாபைற் சேர்ந்துவிடும். பத்து மணி நேர வேலையொன்று ஆறு தெராபைற்றை அண்மிக்கும். இவ்வளவையும் யார் வைத்திருப்பது? ஆகவே சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடும் ஆசை எழும். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்குச் சராசரியின் குணம் நன்கு தெரியும். வகுப்பின் சராசரிப் புள்ளி அறுபது என்று பெருமை பேசும் அறிக்கையில், பத்துப் புள்ளி பெற்ற பிள்ளை காணாமற் போகின்றது. பதினாயிரம் நல்ல கணங்களின் சராசரியிலும் அவ்வாறே ஒரு தீய கணம் மறைந்துவிடும். உலோகம் வெடிக்கத் தொடங்குவதோ அந்த ஒரு கணத்திற் பிறந்த புரையிலிருந்தே.

இது வெறும் பட்டறைச் செய்தி என்று எண்ணற்க. தைத்தேனியத்தால் ஆன இடுப்பு மூட்டுகளும், கோபாற்று-குரோமியக் கலவையால் ஆன பல்லுறைகளும் இம்முறையால் ஆக்கப்படுகின்றன. நாளொன்றுக்கு மூவாயிரம் முறை ஒரு காலை ஊன்றும் மனிதரின் இடுப்பு மூட்டு, ஆண்டொன்றில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முறை பாரம் தாங்குகின்றது. நுண்புரை ஒன்றின் விளிம்பில் வெடிப்புத் தொடங்கி மெல்ல மெல்ல நீள்வதற்கு இம்மீண்ட பாரமே காரணமாகும். வயலிலும் கடலிலும் உழைத்துத் தேய்ந்த மூட்டுக்கு மாற்று வேண்டி நிற்கும் நம் கரையோரத்து முதியவர், ஆக்கியோன் தந்த ஒரு தாட் சான்றிதழை அன்றி வேறெதைக் காண்கிறார்? அச்சான்றிதழ் முடிந்த பொருளைப்பற்றிப் பேசுகின்றது. பொருள் பிறந்த கணங்களைப்பற்றி அது வாய் திறப்பதில்லை.

ஆகவே யான் வேண்டுவது இது. உயிர் காக்கும் வேலைக்காக லேசரால் ஆக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும், அதன் உருகுசுனைப் பதிவு அப்பொருள் பயன்படும் காலமெல்லாம் பேணப்படல் வேண்டும். சராசரி மட்டும் போதாது. ஐயத்துக்கிடமான கணங்களின் மூலப்படங்களேனும் அழியாதிருத்தல் வேண்டும். பொருள் பழுதுற்ற காலத்துப் பாதிக்கப்பட்டவர் சார்பில் அதனைத் திறந்து பார்க்கும் உரிமை சட்டத்தால் நிலைபெறல் வேண்டும்.

இதற்கு எழக்கூடிய தடைகளை அறிவேன். பதிவைக் கொடுத்தால் தம் தொழில் இரகசியம் வெளிப்படும் என்பர் ஆக்குவோர். அது நியாயமான அச்சமே. அதற்காகப் பதிவை இருசாராரும் நம்பும் நடுவரிடம் முத்திரையிட்டு வைக்கலாம். தேவை நேர்ந்தபோது மட்டும் திறக்கலாம். முடிந்த பொருளை எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்தாற் போதாதோ என்பர் வேறு சிலர். சிறிய பொருளுக்கு அது நன்று. தடித்த, செறிந்த உலோகத்துள் கதிர் செல்லச் செல்ல நுண்புரை புலப்படாது போகும். நாசாவின் மார்ஷல் விண்பயண நிலையத்தார் 2017இல் இத்தொழிலுக்கென வகுத்த நியமமும், முடிந்த பொருளைச் சோதிப்பதோடு நில்லாது, ஆக்கும் முறையையே தொடக்கமுதற் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கோருகின்றது. பதிவு இருப்பதால் ஏனைய சோதனைகளைக் கைவிடலாம் என்பாரும் உளர். அவர்க்கு மேலே கூறிய குறைகளே விடை. ஒரு சாட்சியின் சொல்லைப் பிற சாட்சிகளின் சொல்லோடு வைத்தே நடுவர் எடைபோடுவார். கமராவும் அத்தகைய ஒரு சாட்சியே.

இவற்றில் நம்மவர்க்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இயந்திரம் பெருவிலையுடையது, அதனை நாம் இன்று வாங்கல் அரிது. ஆனால் பதிவைப் படிப்பதற்குக் கணிதமும், கணினியும், பொறுமையும் போதும். அமெரிக்கத் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனத்தார் தம் சோதனைக்கூடத்தில் எடுத்த உருகுசுனைப் படங்களை எவரும் பயிலுமாறு பொதுவில் வெளியிட்டிருக்கின்றனர். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் அப்படங்களை எடுத்துப் பயிலத் தடை யாது? சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள பிள்ளைகள் கணிதத்தில் யார்க்கும் பின்னிடுபவரல்லர். படம் பார்க்கக் கற்ற பத்துப் பேர் இக்கரையில் தோன்றினால், நாளை இந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் உலோகத்தின் பதிவைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பவேண்டிய நிலை நீங்கும்.

அவர்கள் அதனைத் தமிழிலும் விளக்க வல்லவராதல் வேண்டும். கல்முனையை அடுத்த காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் பயின்றவர். தமிழ்ப் பேராசிரியராயும் விளங்கியவர். 1947இல் வெளிவந்த அவர்தம் யாழ் நூலில் பௌதிகமும் கணிதமும் தமிழிசையும் ஒருங்கே நிற்கின்றன. பின்னர் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் உதவியால் எத்தனையோ மாணவர் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்றனர். அப்பணி இடையில் தளர்ந்தது. நோயாளிக்குத் தன் உடலிற் பொருத்தப்படும் பொருளின் குறை நிறைகளை அவன் மொழியிற் சொல்லாதவிடத்து, அவன் இட்ட ஒப்பம் எவ்வாறு ஒப்பமாகும்? புரை, படலம், உருகுசுனை என்று மூன்று சொல் இருந்தால் வைத்தியர் அரை நாழிகையில் அதனை விளக்கிவிடலாம்.

இக்கட்டுரையைப் படிக்கும் பொறியியலாளரும் வைத்தியரும் ஆசிரியரும் இதனைத் தத்தம் இடத்திற் பேசுவார்களாக. வெளிநாட்டிலிருந்து உலோக உறுப்புகளைத் தருவிக்க ஒப்பம் வழங்கும் அதிகாரிகள், இனிவரும் ஒப்பந்தங்களில் உருகுசுனைப் பதிவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பார்களாக. அச்சிட்ட இடுப்பு மூட்டைப் பொருத்திக்கொள்ளப்போகும் நோயாளியின் பிள்ளைகளும், "இது உருகியபோது யார் பார்த்தார்? அந்தப் பதிவு எங்கே இருக்கிறது?" என்று வைத்தியரிடம் கேட்டே கையொப்பம் இடுவார்களாக.